மெயில் சர்வரிடம் எஸ்க்யூஎல் பேசுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. நோட்.ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) எழுதிய ஒரு செயலி இருக்கிறது. மெயில் சர்வருக்குள் ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிப்பதற்கான நெறிமுறை) வழியாக நுழைய முடிகிறது. கடந்த 30 நாளில் எந்த அனுப்புநரிடமிருந்து எத்தனை மெயில் வந்தது, அதில் எத்தனை படிக்கப்படாமல் கிடக்கிறது, எதில் பெரிய இணைப்பு (அட்டாச்மென்ட்) இருக்கிறது என்பதையெல்லாம், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எழுதி எடுக்க வேண்டும். ஐமேப்பை டேபிள் போலக் காட்டும் ஓடிபிசி டிரைவர் ஒன்றைப் போட்டுப் பார்த்ததில், சின்ன ஃபோல்டரில் நன்றாக ஓடியது. 40,000 மெயில் இருக்கும் இன்பாக்ஸில் அரை மணி நேரமாகியும் பதில் வரவில்லை. டிரைவரை மாற்றுவதா, குவெரியை மாற்றுவதா?

இரண்டுமே தீர்வு ஆகாது. எஸ்க்யூஎல் எங்கே ஓடுகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும். மெயில்களின் தலைப்பு விவரங்களை உங்கள் பக்கத்தில் ஒரு எஸ்க்யூலைட் அல்லது போஸ்ட்கிரெஸ் டேபிளுக்குக் கொண்டுவந்து, சர்வரோடு அதை ஒத்திசைத்து வைத்துக்கொண்டு, கேள்விகளை அங்கே கேளுங்கள். இது சுற்றுவழி போலத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை இந்த வேலையை நிம்மதியாக நடத்துகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

காரணம் ஐமேப்பின் பிறப்பிலேயே இருக்கிறது. மார்க் கிறிஸ்பின் அதை 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் வடிவமைத்தபோது நோக்கம் ஒன்றுதான்: மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், வேறு கணினியிலிருந்து அதைப் படிக்கலாம். இன்று பெரும்பாலான சர்வர்கள் பேசுவது 2003-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3501 என்ற இணையத் தர ஆவணம் விவரிக்கும் வடிவத்தை. 2021-ல் ஆர்.எஃப்.சி. 9051 என்று புதிய பதிப்பு வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. அதில் தேடல் கட்டளை உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், உடல், தேதி, அளவு, படித்ததா இல்லையா என்று கேட்கலாம்; 'அல்லது', 'இல்லை' என்று சேர்த்தும் கேட்கலாம். பதிலாகக் கிடைப்பது எண்களின் பட்டியல் மட்டும். குழுவாக்கி எண்ணுவது கிடையாது. டேபிள்களை ஜாயின் செய்வது கிடையாது. வரிசைப்படுத்துவதுகூட 2008-ல் வந்த தனி நீட்சி. எல்லா சர்வரிலும் இருக்காது. இணைப்பு இருக்கிற மெயில் எது என்று கேட்பதற்கும் அடிப்படை நெறிமுறையில் வழியில்லை.

ஆகவே டிரைவர் என்ன செய்யும்? உங்கள் குவெரியின் 'வேர்' (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியில் ஐமேப் தேடலாக மாற்ற முடிந்ததை மாற்றி சர்வரிடம் அனுப்பும். மாற்ற முடியாத எல்லாவற்றுக்கும் மெயில்களை இழுத்துவந்து தன் பக்கத்தில் வடிகட்டும். 'குரூப் பை' போட்டால் அத்தனை மெயிலின் உறையும் (அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி விவரங்கள்) வந்தாக வேண்டும். 'ஆர்டர் பை தேதி, லிமிட் 10' என்பது நமக்குப் பத்தே வரி. வரிசைப்படுத்தத் தெரியாத சர்வர் என்றால், டிரைவர் 40,000 தேதியையும் வாங்கிய பிறகுதான் அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனியாகச் சர்வருக்குப் போய்வரும் டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போய்வருதலுக்கு 50 மில்லிசெகண்ட். 40,000 முறை என்றால் 2,000 வினாடி, அதாவது 33 நிமிடம். நீங்கள் சொன்ன அரை மணி நேரக் காத்திருப்புக்கு இந்தக் கணக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. டிரைவரில் பதிவை இயக்கி, ஐமேப் கட்டளைகள் எப்படிப் போகின்றன என்று ஒருமுறை பாருங்கள். ஒரே கட்டளையில் ஆயிரம் மெயில் கேட்கிறதா, ஆயிரம் கட்டளை போகிறதா என்று கண்ணால் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

வேகத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று. ஐமேப்பில் ஒரு மெயிலின் உடலைச் சாதாரண முறையில் எடுத்தால் அது 'படித்தது' என்று குறிக்கப்பட்டுவிடும். குறி மாறாமல் எடுக்க 'பீக்' என்ற தனி வடிவம் இருக்கிறது. பல வருடம் முன்பு, ஒரு குழு பொதுவாகப் பயன்படுத்திய பெட்டியின்மீது இப்படி ஒரு இணைப்பானை வைத்து 'செலக்ட் ஸ்டார்' (எல்லாப் புலங்களையும் கொடு என்ற குவெரி) ஓட்டினேன். அந்த நட்சத்திரத்துக்குள் உடலும் அடக்கம். அந்த இணைப்பான் 'பீக்' பயன்படுத்தவில்லை. சில நிமிடத்தில் பெட்டியில் இருந்த அத்தனை மெயிலும் படித்ததாக மாறிவிட்டன. எதற்குப் பதில் போட்டோம், எது பாக்கி என்பதை அந்தக் குழு தடித்த எழுத்தை வைத்துத்தான் கண்காணித்து வந்தது. அந்த நிலையைத் திரும்பக் கொண்டுவர வழியே இருக்கவில்லை. அன்றிலிருந்து, அறிக்கைக்காக எந்தப் பெட்டியைத் திறந்தாலும் படிக்க மட்டும் என்ற முறையில்தான் திறக்கிறேன். நெறிமுறையில் அதற்கு 'எக்ஸாமின்' என்ற கட்டளை உண்டு. நோட்.ஜேஎஸ்ஸுக்கான ஐமேப்ஃப்ளோ நூலகத்தில் பெட்டியைத் திறக்கும்போது 'ரீட்ஒன்லி' என்ற தேர்வை உண்மை என்று கொடுத்தால் போதும்.

நேரடியாகக் கேட்கும் வழியை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை பார்க்க வேண்டிய விஷயம், சில நூறு மெயில், தேதியும் அனுப்புநரும் மட்டும் நிபந்தனை என்றால் ஓடிபிசி டிரைவரும் போஸ்ட்கிரெஸ்ஸின் வெளித் தரவு உறையும் (வெளியே உள்ள தரவை டேபிள் போலக் காட்டும் வசதி) நன்றாகவே வேலை செய்யும். மல்டிகார்ன் என்ற நீட்சியில் ஐமேப்புக்கான உறை ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ் டேபிள்களோடு மெயிலை ஜாயின் செய்து பார்க்க அது கைகொடுக்கும். ஆனால் ஒரு செயலியின் பக்கம் திறக்கும்போதெல்லாம் ஓட வேண்டிய குவெரியை அதன்மேல் கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். 'மெயில் சர்வர் டேட்டா' என்று சிலர் சொல்வது மெயில்களை அல்ல. கணக்குகள், டொமைன்கள், மாற்றுப்பெயர்கள் ஆகியவற்றை. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருள்கள் இரண்டையும் நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் அந்த விவரங்கள் பெரும்பாலும் ஏற்கனவே மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்ஸில்தான் இருக்கும். அங்கே சுற்றுவழியே வேண்டாம். படிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒரு பயனரை உருவாக்கி நேராகக் கேளுங்கள். மெயில்களையே எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைக்கும் டிபிமெயில் போன்ற சர்வர்களும் உண்டு. அங்கேகூட அதன் உள் டேபிள்களைச் செயலியோடு பிணைக்க நான் தயங்குவேன். அடுத்த பதிப்பில் அமைப்பு மாறினால் உங்கள் குவெரிகள் எல்லாம் உடையும்.

இனி டேபிள் அமைப்பு. மெயிலுக்கான முதன்மைச் சாவியாக மெசேஜ்-ஐடியை வைக்கத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். அது அனுப்புகிறவரின் மென்பொருள் எழுதுவது. சில மெயில்களில் இருக்கவே இருக்காது. ஒரே மெயில் இன்பாக்ஸிலும் அனுப்பியவை ஃபோல்டரிலும் அதே ஐடியோடு இருக்கலாம். ஐமேப் உறுதி தரும் அடையாளம் மூன்று சேர்ந்தது: ஃபோல்டர், அதன் யூஐடிவேலிடிட்டி (அந்த ஃபோல்டரின் எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் எண்), மெயிலின் யூஐடி (ஃபோல்டருக்குள் மெயிலுக்குச் சர்வர் தரும் எண்). ஒரு ஃபோல்டருக்குள் யூஐடி ஏறிக்கொண்டே போகும், ஒருமுறை கொடுத்த எண் மறுபடி வேறு மெயிலுக்கு வராது. ஆனால் யூஐடிவேலிடிட்டி மாறாத வரைதான் அந்த உறுதி. சர்வர் இடம்பெயர்ந்தாலோ ஃபோல்டரை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலோ அந்த எண் மாறும். அந்த நொடியே உங்களிடம் இருக்கும் யூஐடிகள் எல்லாம் அர்த்தமிழந்துவிடும். மாறியது தெரிந்தால் அந்த ஃபோல்டரின் வரிகளை அழித்துவிட்டு முதலிலிருந்து எடுப்பதுதான் ஒரே வழி. மெசேஜ்-ஐடியைச் சாதாரணப் புலமாக, இண்டெக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல்களைக் கோக்க உதவும்.

தேதி இரண்டு. மெயிலின் தலைப்பில் இருக்கும் தேதி அனுப்பியவரின் கணினி சொன்னது. கடிகாரம் தவறாக இருந்தால் தேதியும் தவறு. குப்பை மெயில்களில் எதிர்காலத் தேதிகூட வரும். சர்வர் தன் பங்குக்குக் குறித்துவைக்கும் 'இன்டர்னல் டேட்' வேறு. இரண்டையும் தனிப் புலங்களில் யூடிசி நேரமாக வையுங்கள், 30 நாள் கணக்குக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். ஒரு விதிவிலக்கு: பழைய சர்வரிலிருந்து மெயில்களை இறக்கிய கருவி அந்தத் தேதியைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால், பத்து வருட மெயிலும் ஒரே நாளில் வந்தது போலக் காட்டும். உங்கள் டேபிளில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் குவியல் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஐமேப் தேடலில் இருக்கும் 'சின்ஸ்' நிபந்தனைக்கு நாள்தான் மிகச் சிறிய அலகு. நேரத்தையும் நேர மண்டலத்தையும் அது பார்ப்பதில்லை. கடந்த மூன்று மணி நேரம் என்று சர்வரிடம் அதன் மூலம் கேட்க முடியாது. உள்ளூர் டேபிளில் கேட்கலாம்.

முகவரிகளைத் தனி டேபிளில் வையுங்கள்: எந்த மெயில், என்ன பங்கு, முகவரி, காட்டும் பெயர். முகவரியைச் சிறிய எழுத்தாக்கியே சேமியுங்கள். விதிப்படி @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியில் பெரிய, சிறிய எழுத்துக்கு வேறுபாடு உண்டு. நடைமுறையில் அப்படி நடத்தும் சர்வரை நான் சந்தித்ததில்லை. ஒரே ஆள் மூன்று வடிவத்தில் எழுதியது மூன்று அனுப்புநராக எண்ணப்படுவதுதான் நிஜத்தில் நடக்கும் தொல்லை.

இணைப்புகளுக்கும் தனி டேபிள். இதற்கு மெயிலை முழுதாக இறக்க வேண்டியதில்லை. 'பாடிஸ்ட்ரக்சர்' என்று கேட்டால் ஒவ்வொரு பகுதியின் வகை, கோப்புப் பெயர், அளவு எல்லாம் சர்வரே சொல்லிவிடும். அந்த அளவு பேஸ்64 ஆக்கிய (கோப்பை மெயிலில் அனுப்ப வெறும் எழுத்துகளாக மாற்றிய) பிறகான அளவு என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 57 பைட் உள்ளடக்கம் 76 எழுத்து வரியாகி, வரிமுடிவோடு 78 ஆகும். அதாவது சுமார் 37 சதவீதம் கூடுதல். 10 எம்பி-க்கு மேற்பட்ட கோப்புகளைத் தேடுகிறீர்கள் என்றால் டேபிளில் 13.7 எம்பி-க்கு மேல் என்று கேட்க வேண்டும்.

இப்போது ஒத்திசைவு. உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போகும். முதல் சுற்றில் யூஐடி வரம்புகளாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 500 அல்லது 1,000 மெயிலின் உறை, குறிகள், தேதி, அளவு, பாடிஸ்ட்ரக்சர் ஆகியவற்றை மட்டும் எடுங்கள். உடல் வேண்டாம். ஒவ்வொரு தொகுதியையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள். வரிக்கு ஒரு டிரான்சாக்ஷன் என்று எழுதினால் எஸ்க்யூலைட் ஒவ்வொன்றுக்கும் வட்டில் உறுதி செய்யும் வரை காத்திருக்கும், வேகம் பல மடங்கு விழும்.

அடுத்த சுற்றுகளில் மூன்று விதமான மாற்றங்களைக் கவனிக்க வேண்டும்: புதிதாக வந்தது, குறி மாறியது, அழிந்தது. புதியதை எடுக்க, கடைசியாகக் கண்ட யூஐடிக்கு அடுத்த எண்ணிலிருந்து நட்சத்திரம் வரை என்று கேட்பது வழக்கம். இதில் ஒரு பொறி உண்டு. ஐமேப்பில் நட்சத்திரம் என்றால் இருப்பதிலேயே பெரிய யூஐடி. வரம்பின் இரு முனையும் எந்த வரிசையில் இருந்தாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும். கடைசி யூஐடி 558 என்றிருக்கும்போது 559-லிருந்து நட்சத்திரம் வரை கேட்டால், அது 559 முதல் 558 வரை என்றாகி, 558-ஆம் மெயில் மறுபடி வந்து நிற்கும். புதிய மெயில் எதுவும் இல்லாதபோதும் ஒன்று வந்ததாகச் செயலி அறிவிக்கும். பிழை சர்வரில் இல்லை, விதியே அப்படித்தான். வந்ததில் யூஐடி பழையதைவிடப் பெரியதா என்று ஒரு சோதனை போட்டுவிடுங்கள். டேபிளில் எழுதும்போது 'ஆன் கான்ஃப்ளிக்ட்' வைத்து எழுதுங்கள், இரட்டிப்பு வராது.

குறி மாற்றங்களுக்கு 'கண்ட்ஸ்டோர்' நீட்சி அருமையான வசதி. ஒவ்வொரு மெயிலும் மாறும்போதெல்லாம் ஃபோல்டரில் ஏறுமுகமாக ஒரு மாட்செக் எண் பெறும். கடந்தமுறை பார்த்த எண்ணைக் கொடுத்து அதற்குப் பிறகு மாறியவை எவை என்று கேட்டால், யாரோ படித்த மெயிலும் புதிதாக வந்த மெயிலும் ஒன்றாகவே கிடைத்துவிடும். ஃபோல்டரைத் திறந்த நேரத்தில் சர்வர் சொன்ன மாட்செக் எண்ணைத்தான் சேமிக்க வேண்டும், வேலை முடிந்த நேரத்து எண்ணை அல்ல. இடையில் நடந்த மாற்றம் தவறிவிடும். அந்த எண்ணையும் வரிகளையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள். பாதியில் செயலி விழுந்தாலும் அடுத்த சுற்று சரியான இடத்திலிருந்து தொடங்கும்.

அழிந்ததைக் கண்டுபிடிக்க, 'க்யூரீசிங்க்' நீட்சி இருந்தால் மறைந்த யூஐடிகளைச் சர்வரே பட்டியலிடும். இல்லையென்றால் எல்லா யூஐடியையும் ஒரு தேடலில் வாங்கி, டேபிளில் இருப்பதோடு ஒப்பிட்டு, சர்வரில் இல்லாததை அழியுங்கள். 40,000 எண்கள் என்பது சில நூறு கிலோபைட் மட்டுமே; பயப்பட வேண்டியதில்லை. இதை ஒத்திப்போடும் ஆட்கள் அதிகம். ஒத்திப்போட்டால் மாதக் கடைசியில் எண்ணிக்கை சர்வரோடு ஒட்டாது, யாருக்கும் ஏன் என்று புரியாது.

நோட்.ஜேஎஸ் பக்கம் ஐமேப்ஃப்ளோவைத்தான் பரிந்துரைப்பேன். அதில் இரண்டு இடத்தில் பலர் விழுகிறார்கள். முதலாவது, மெயில்களை எடுக்கும் கட்டளை தானாக யூஐடியைப் பயன்படுத்தாது. வரிசை எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது தேர்வுப் பொருளில் யூஐடி என்று உண்மை கொடுக்க வேண்டும். மறந்தால் பிழை எதுவும் வராது, தவறான மெயில்கள் அமைதியாக வந்து சேரும். வரிசை எண் என்பது மேலே ஒரு மெயிலை அழித்தாலே நகர்ந்துவிடும் எண். இரண்டாவது, 'ஃபார் அவெய்ட்' சுற்றில் மெயில்களை வாங்கிக்கொண்டிருக்கும்போதே அதே கனெக்ஷனில் இணைப்பை இறக்கவோ குறி மாற்றவோ கூடாது. முதல் கட்டளை முடியாமல் இரண்டாவது தொடங்காது, இரண்டாவது முடியாமல் சுற்று நகராது. செயலி அப்படியே உறைந்து நிற்கும். யூஐடிகளை முதலில் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, சுற்று முடிந்த பிறகு மற்ற வேலையைச் செய்யுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டுக்கே உரிய ஒரு ஆபத்து எண்களில் இருக்கிறது. சாதாரண எண் வகை துல்லியமாகத் தாங்கும் முழு எண் 9,007,199,254,740,991 வரைதான், அதாவது 53 பிட். மாட்செக் 63 பிட் வரை போகலாம். ஜிமெயில் தன் ஐமேப்பில் தரும் மெயில் அடையாளமும் உரையாடல் அடையாளமும் 64 பிட். அவற்றைச் சாதாரண எண்ணாக்கினால் கடைசி இலக்கங்கள் வட்டமாகி, இரண்டு வெவ்வேறு மெயில் ஒரே அடையாளம் பெறக்கூடும். ஐமேப்ஃப்ளோ மாட்செக்கையும் யூஐடிவேலிடிட்டியையும் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையாகவே தரும். அதை டேட்டாபேஸில் எழுதும்போது சரியாகப் போனாலும், திரும்பப் படிக்கும்போது பெட்டர்-எஸ்க்யூலைட்3 நூலகம் வழக்கமாகச் சாதாரண எண்ணாகத்தான் கொடுக்கும். 'சேஃப் இன்டிஜர்ஸ்' என்ற அமைப்பை இயக்க வேண்டும். பிக்இன்டை ஜேசனாக மாற்றப் போனால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை வீசும். இத்தனைக்கும் எளிய வழி: கூட்டல் கழித்தல் செய்யாத அடையாள எண்களை எழுத்துப் புலமாகவே சேமிப்பது.

இவ்வளவும் முடிந்த பிறகு நீங்கள் கேட்ட குவெரி எளிதாகிவிடும். மெயில் டேபிளையும் முகவரி டேபிளையும் ஜாயின் செய்து, பங்கு அனுப்புநர் என்றும் இன்டர்னல் டேட் கடந்த 30 நாளுக்குள் என்றும் நிபந்தனை வைத்து, முகவரியால் குரூப் செய்து, மொத்தத்துக்கு ஒரு கவுண்ட், படிக்காததுக்கு 'கேஸ் வென்' வைத்த ஒரு சம். தேதிக்கும் முகவரிக்கும் இண்டெக்ஸ் இருந்தால் 40,000 வரிக்கு இது கண்ணிமைக்கும் நேரம்தான். இணைப்பையும் அதே குவெரியில் ஜாயின் செய்யும்போது மட்டும் நிதானியுங்கள். அனுப்புநருக்குப் பதில் பெறுநரை வைத்துக் கேட்டால், மூன்று பெறுநரும் இரண்டு இணைப்பும் உள்ள மெயில் இரண்டு ஜாயினுக்குப் பிறகு ஆறு வரியாகப் பெருகும். அதன்மேல் அளவைக் கூட்டினால் இணைப்புகளின் மொத்தம் மூன்று மடங்காகத் தெரியும். இணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் அறிய 'எக்சிஸ்ட்ஸ்' போதும்; கூட்ட வேண்டுமென்றால் இணைப்புகளைத் தனித் துணைக்குவெரியில் மெயில்வாரியாகக் கூட்டிவிட்டுப் பிறகு ஜாயின் செய்யுங்கள்.

உரைத் தேடல் வேண்டுமென்றால் எஸ்க்யூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற நீட்சி இருக்கிறது. மெயிலின் மூல வடிவத்தில் 'லைக்' போட்டுத் தேடாதீர்கள். பொருள் வரியில் ஆங்கிலமல்லாத எழுத்து இருந்தால் அது குறியாக்கப்பட்டுத்தான் பயணிக்கும். உடலும் பெரும்பாலும் பேஸ்64. நூலகம் பிரித்துக் கொடுத்த வடிவத்தைச் சேமியுங்கள். தமிழில் எழுதிய மெயில்களைத் தேடப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: எஃப்டிஎஸ்5-ன் இயல்பான சொல்பிரிப்பான் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' என்ற வேறு வகையில் இருப்பதால் அவை சொல்லை உடைக்கும் இடைவெளியாகிவிடுகின்றன. 'கடிதம்' என்ற சொல் 'கட', 'தம' என்று இரண்டாக உடைந்து சேமிக்கப்படும். தேடினால் சம்பந்தமில்லாத மெயில்களும் வந்து நிற்கும். டேபிளை உருவாக்கும்போது சொல்பிரிப்பானின் வகைப்பட்டியலில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் சொல் முழுதாக நிற்கும். கூடவே, 'கொ' போன்ற எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாஸ்கிரிப்டின் 'நார்மலைஸ்' செயல்பாட்டில் என்எஃப்சி கொடுத்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாத சில விஷயங்கள். மெயிலில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் முன்பின் தெரியாதவர் எழுதியது. பொருள் வரியைக் குவெரிச் சரத்தில் ஒட்டவைத்தால், உங்கள் டேபிளை அழிக்கும் கட்டளையை யார் வேண்டுமானாலும் ஒரு மெயிலாக அனுப்பிவிடலாம். மதிப்புகளை எப்போதும் இடக்குறி வைத்தே (குவெரியில் '?' போட்டு, மதிப்பைத் தனியாக) கொடுங்கள். 'ஆர்டர் பை' புலத்தின் பெயருக்கு இடக்குறி வேலை செய்யாது. அனுமதித்த பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அறிக்கை எடுக்கிறவர்கள் தாங்களே எஸ்க்யூஎல் எழுத வேண்டும் என்றால், படிக்க மட்டும் திறந்த தனிக் கனெக்ஷனைக் கொடுங்கள். உடல் தேவையில்லை என்றால் சேமிக்கவே வேண்டாம். ஒருவர் தன் பெட்டியில் அழித்த மெயில் உங்கள் நகலில் உயிரோடு இருக்கக் கூடாது. அழிந்ததைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒத்திப்போடாதீர்கள் என்று மேலே வலியுறுத்தியதற்கு இது இன்னும் பெரிய காரணம்.

உள்நுழைவைப் பொறுத்தவரை, எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 2022 அக்டோபரிலிருந்து ஐமேப்புக்கு வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. அங்கே ஓஆத் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தரும் தற்காலிக அனுமதிச் சரம்) வேண்டும். டோக்கன் காலாவதியாகும் என்பதால் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் முன் புதுப்பிக்கும் வழி வைத்திருங்கள். ஐமேப்பைப் பிரௌசரிலிருந்து நேரடியாகப் பேச முடியாது, பிரௌசர் வெறும் டிசிபி கனெக்ஷனை அனுமதிக்காது. 993 போர்ட்டில் பேசுவது உங்கள் நோட் சர்வரின் வேலை. புதிய மெயில் வந்ததும் சர்வரே சொல்லும்படி காத்திருக்க ஐமேப்பில் 'ஐடில்' கட்டளை உண்டு. அந்த 'ஐடில்' கனெக்ஷன் ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் கவனிக்கும், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது விதி. மற்ற ஃபோல்டர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் சுற்றிவாருங்கள்.

உங்கள் சர்வர் ஜேமேப் (ஐமேப்புக்கு மாற்றான புதிய நெறிமுறை) பேசும் என்றால் அதிர்ஷ்டம். 2019-ல் தரப்படுத்தப்பட்டது, எச்டிடிபி வழியாக ஜேசன் பேசுவதால் ஜாவாஸ்கிரிப்டுக்கு இயல்பாகப் பொருந்தும். ஒரு நிலைச் சரத்தைக் கொடுத்து 'அதற்குப் பிறகு என்ன மாறியது' என்று கேட்டால் புதியது, மாறியது, அழிந்தது மூன்றும் ஒரே பதிலில் வரும். ஃபாஸ்ட்மெயில், சைரஸ், அப்பாச்சி ஜேம்ஸ், ஸ்டால்வார்ட் ஆகியவற்றில் இருக்கிறது. அதிலும் குரூப் பை கிடையாது. ஆகவே டேபிள் அமைப்பு மாறாது, ஒத்திசைக்கும் பகுதி மட்டும் பாதியாகச் சுருங்கும்.

தொடங்கும்போது எல்லா ஃபோல்டரையும் எடுக்காமல் ஒரு நடுத்தர ஃபோல்டரோடு தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஐமேப்பின் 'ஸ்டேட்டஸ்' கட்டளையால் மொத்த மெயில் எண்ணிக்கையையும் படிக்காத எண்ணிக்கையையும் வாங்கி, உங்கள் டேபிளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பதிவில் எழுதுங்கள். மொத்தம் சர்வரில் குறைவாகவும் உங்களிடம் அதிகமாகவும் இருந்தால் அழிந்ததைத் தவறவிட்டிருக்கிறீர்கள். உங்களிடம் குறைவு என்றால் ஏதோ ஒரு தொகுதி எழுதப்படவில்லை. மொத்தம் சரியாக இருந்து படிக்காதது மட்டும் வேறுபட்டால் மாட்செக் சேமிக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு வாரம் வித்தியாசம் இல்லாமல் ஓடினால் அந்த 40,000 மெயில் இன்பாக்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.